மலர்ச்சாலையில் வேலைக்குப் போகும் மகளைப் பற்றி ஒரு தாய் கேட்டதற்கு

கேள்வி: "எங்கட மகளுக்குப் பத்தொன்பது வயது. பியூனரல் டைரக்டர் படிப்புத்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள். அதுக்கு முதல், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நடத்திற பியூனரல் ஹோமிலை வார இறுதி வேலைக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். அங்கை என்ன மாதிரி ஆக்கள் வேலை செய்யினம்? பிள்ளை பயப்பிட மாட்டாளோ? சொந்தக்காரர் கேள்விப்பட்டால் என்ன சொல்லுவினம்?"

அக்கா, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்களை நித்திரை கொள்ள விடாதது மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் இரவு வேலை பார்த்தவன். அதை மூடிய பிறகு ஒரு குடும்ப மலர்ச்சாலையில் பகுதிநேர உதவியாளனாகச் சேர்ந்தேன். இப்போது பதினொரு வருடம். செத்தவீட்டைப் பொறுப்பெடுத்து நடத்துகிற, உரிமம் பெற்ற டைரக்டர் நான் அல்ல. கதவு திறப்பேன், பெட்டி தள்ளுவேன், வாகனம் ஓட்டுவேன். எங்கள் ஆட்களுடைய செத்தவீடு என்றால் ஐயருக்கும் டைரக்டருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பேன். இறந்தவரின் உடலை வைத்து இறுதிச் சடங்கு நடத்திக் கொடுக்கிற இடத்தை ஊரில் மலர்ச்சாலை என்போம், இங்கே வாயில் வருவது பியூனரல் ஹோம்தான். இரண்டையும் கலந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இடத்தில் நிரந்தரமாக இருப்பவர்கள் நாலே பேர். பெரியவர், அவருடைய மகள், மகளின் கணவர், கந்தோரில் ஓர் அம்மா. பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று பத்து வருடமாகச் சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவருடைய பாட்டனார் ஒரு சின்ன ஊரில் தளபாடக் கடை வைத்திருந்தவராம். மேசை, அலுமாரி செய்கிற ஆளிடம்தான் சவப்பெட்டியும் சொல்லிச் செய்விப்பார்கள். பெட்டி செய்தவரிடமே பிறகு குதிரை வண்டியும் கேட்பார்கள். கடைசியில் முழு அலுவலும் அவர் தலையில் வந்து விடியும். வட அமெரிக்காவில் கன குடும்பங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்த வழி இதுதான். உடலைப் பதப்படுத்துகிற எம்பாமிங் இங்கே பரவியது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில். தூரத்தில் செத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வசதியுள்ள குடும்பங்கள் காசு கொடுத்து உடலை ரயிலில் எடுப்பித்தன. 1865 இல் லிங்கனின் உடலை வாஷிங்டனில் இருந்து ஸ்பிரிங்ஃபீல்ட் வரைக்கும் ஏறத்தாழ இரண்டு கிழமை ரயிலில் கொண்டுபோனார்கள். வழியில் ஊர் ஊராக இறக்கிப் பார்வைக்கு வைத்தார்கள். சனம் அன்றைக்குக் கண்ணால் கண்டது, பிறகு வழக்கமாகிவிட்டது.

பெரியவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் அம்புலன்சும் ஓட்டியிருக்கிறார். இது கனபேருக்குத் தெரியாத சங்கதி. 1960கள் வரை வட அமெரிக்காவின் பல ஊர்களில் அம்புலன்ஸ் ஓடியது பியூனரல் ஹோம்களில் இருந்துதான். ஆளை நீட்டிப் படுக்க வைக்கக்கூடிய வாகனம் ஊரில் வேறு யாரிடம் இருந்தது? "ஒரே கார்தான். வேகமாகப் போனால் அம்புலன்ஸ், ஆறுதலாகப் போனால் மற்றது" என்று பெரியவர் சொல்வார். நூறு முறை சொல்லியிருப்பார். நாங்களும் நூறு முறை சிரித்திருக்கிறோம்.

இப்போது முதலாளியும் டைரக்டரும் பெரியவரின் மகள்தான். ஐம்பது வயதிருக்கும். ஹம்பர் கல்லூரியில் இதைப் படித்து, பயிற்சிக் காலம் முடித்து, உரிமம் எடுத்தவர். உங்கள் மகளும் அந்த வழியால்தான் போக வேண்டும். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் இந்தத் தொழிலை 2016 இல் இருந்து மேற்பார்வை செய்வது ஒன்ராறியோ துக்க சேவைகள் அதிகார சபை. உரிமம் இல்லாமல் யாரும் டைரக்டர் என்று சொல்லிக்கொள்ள முடியாது, விலைப்பட்டியலைக் கேட்பவருக்குக் கொடுக்காமல் இருக்கவும் முடியாது. பெரியவரின் மகள் பிறந்து வளர்ந்தது மலர்ச்சாலைக்கு மேல்மாடியில். சின்ன வயதில், கீழே உடலைப் பார்வைக்கு வைத்திருக்கும்போது மேலே ஓடக்கூடாது, குளியலறைத் தண்ணீர் திறக்கக்கூடாது, மீன் பொரிக்கக்கூடாது. இரவு மூன்று மணிக்கு ரெலிபோன் அடித்தால் எடுத்து என்ன கதைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் தாய் சொல்லிக் கொடுத்தாராம். பெயரைக் கேள், நம்பரைக் கேள், "நான் அப்பாவை எழுப்புகிறேன்" என்று சொல், ரெலிபோனை நீ முதலில் வைக்காதே. அந்தக் கடைசிச் சொல்லை அவர் எங்கள் எல்லாருக்கும் இன்றும் பாடமாகச் சொல்லித்தருகிறார்.

கணவர் கணக்குப் பார்ப்பவர். அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, வாகனத்தில் மண் ஒட்டியிருந்தால் மட்டும் கோபம் வரும்.

எம்பாமிங் செய்பவர் குடும்பத்து ஆள் இல்லை. சிறிய இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு மூன்று மலர்ச்சாலைகளுக்குப் போய்வரும் ஒரு பிலிப்பினோ அம்மா, பெரும்பாலும் இரவில் வருவார். கழுத்துப் பக்கத்து நாடியால் மருந்தை ஏற்றி, பக்கத்து நாளத்தால் இரத்தத்தை வெளியே விடுவது என்பது அந்த வேலையின் பாதிதான். மீதி முழுக்கக் கைவேலை. கண்மூடி வாய்மூடி, முகத்தில் நோயின் களைப்பை எடுத்து, வீட்டார் தந்த படத்தில் உள்ள ஆளைத் திரும்பக் கொண்டுவருவது. ஒருநாள் அந்த அம்மா, இறந்துபோன எங்கள் ஆச்சி ஒருவருடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பொட்டு எவ்வளவு பெரிது?" படத்தில் முகமே பெருவிரல் அளவுதான். நான் யோசித்துவிட்டு, இப்போது புழக்கத்தில் இல்லாத ஒரு சதக் குற்றி அளவு என்றேன். அவர் லாச்சியைத் திறந்து உண்மையாகவே ஒரு சதத்தை எடுத்து நெற்றியில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் மேலே, இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருந்து அரை விரல் மேலே. பிறகு குங்குமம். அந்த லாச்சியில் இப்போது ஒட்டுப்பொட்டுப் பைக்கற், ஊசிகள், சந்தனப் பேணி, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் இருக்கின்றன. சேலை உடுத்தப் பழக்கியது என் மாமியார். படுத்திருக்கிற ஆளுக்குக் கூறைச்சேலையைக் கத்தரியால் தொடாமல் உடுத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. மாமியார் இரண்டு மணித்தியாலம் நின்று, கொய்யகத்தை முன்னால் மடித்து ஊசி குத்திக் காட்டினார். அந்த அம்மா படம் எடுத்து வைத்துக்கொண்டார். இன்று அவர் மடிக்கிற கொய்யகம் என் மனைவி மடிப்பதை விடத் திறம். இதை வீட்டில் சொல்ல மாட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எம்பாமிங் செய்தே ஆக வேண்டும் என்று ஒன்ராறியோவில் சட்டம் இல்லை. இலண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் பிள்ளைகள் வந்துசேரப் பெட்டியைத் திறந்து வைத்திருக்க வேண்டிய குடும்பங்கள் கேட்கின்றன. மற்றவர்களுக்குக் குளிரறை போதும். கட்டாயம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் உங்கள் மகள் வேலைக்குச் சேர வேண்டாம்.

இனி, என்னைப் போன்ற பகுதிநேர ஆட்கள். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், பிளாசாவில் சலூன் வைத்திருக்கும் தலைமயிர்க்காரப் பெண், கிறிஸ்தவ ஆராதனைகளுக்கு ஓகன் வாசிக்கும் ஒரு பெரியவர். ஏன் எல்லாரும் வயதானவர்கள் என்று கேட்டால், நாளும் நேரமும் சொல்லாமல் வருகிற வேலைக்கு வேறு யார் கிடைப்பார்கள்? வயதானவர்களுக்குச் சும்மா நிற்கவும் தெரியும்.

பஸ் ஓட்டுநரின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நல்ல மனிதர். எங்கள் ஆட்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். முந்தி பஸ் டிப்போவில் கூட வேலை செய்த தமிழ்ப் பொடியனிடம், "விருந்தாளி வெளிக்கிடும்போது மரியாதையாக என்ன சொல்வது?" என்று கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. அன்று பின்னேரம் முந்நூறு சனம். கதவடியில் நின்று, தலை குனிந்து, ஒவ்வொருவருக்கும் "போயிட்டு வாங்கோ, போயிட்டு வாங்கோ" என்றார். செத்தவீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது எங்கள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆச்சிமார் திகைத்துப் போனார்கள். ஒருவர் கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார், அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். செத்தவருடைய மூத்த மகன் வந்து, அந்த மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்து, ஓட்டுநரின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்று இரவு நான் விளங்கப்படுத்தியதும் மனிதர் கதிரையில் இருந்துவிட்டார். இப்போது தலையை மட்டும் அசைக்கிறார்.

வேலை என்ன என்று கேட்டீர்கள். சனம் நினைப்பது பிரேதத்தோடு வேலை என்று. பிரேதத்தோடு இருக்கும் நேரம் கொஞ்சம். கடதாசியோடும் பெயர்களோடும் இருக்கும் நேரம்தான் கூட. வைத்தியர் எழுதிய மரணச் சான்று வர வேண்டும், குடும்பத்தாரிடம் விபரம் கேட்டு மரண அறிக்கைப் பத்திரம் நிரப்ப வேண்டும், இரண்டையும் நகரசபையில் கொடுத்து அடக்க அனுமதி எடுக்க வேண்டும், தகனம் என்றால் மரண விசாரணை அதிகாரியின் சான்றும் வேண்டும். எங்கள் ஆட்களின் பத்திரம் நிரப்புவது பெரிய பாடு. குடும்பப் பெயர் என்ற பெட்டியில் சிலருக்குத் தகப்பன் பெயர், சிலருக்குப் புருசன் பெயர், சிலருக்குச் சொந்தப் பெயர். தாயின் கன்னிப் பெயர் என்ன என்று கேட்டால், "அம்மாவுக்கு ஒரே பேர்தானே" என்பார்கள். பிறந்த தேதி சாதகத்தில் ஒன்று, பாஸ்போட்டில் ஒன்று. டைரக்டர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பாஸ்போட்டில் உள்ளதை எழுதுங்கள், நினைவு மலரில் சாதகத்தில் உள்ளதைப் போடட்டும் என்று நான் சொல்வேன்.

எங்கள் மரண அறிவித்தல் ஒன்றை ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறப்பிடம், வதிவிடம், அன்புக் கணவர், பாசமிகு தந்தை, மாமனார், மைத்துனர், சகலன், சம்பந்தி, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும். "இவ்வளவு பேரையும் ஏன் போடுகிறீர்கள்?" என்றார். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் அடுத்த இருபது வருடத்துக்குக் கதைக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பங்களுக்கான கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட ஒதுக்குகிறார்.

பெயர் விடயத்தில் என் கால் நடுங்கிய ஒரு நாள் உண்டு. ஓர் ஆஸ்பத்திரிக்கு உடல் எடுக்கப் போனோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளைத் தந்தார்கள். பத்திரத்திலும் பையின் மேலே கட்டியிருந்த அட்டையிலும் குடும்பப் பெயர் சுப்பிரமணியம். எல்லாம் சரி. டைரக்டர் பையின் சிப்பைத் திறந்து மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்தார். அதிலும் சுப்பிரமணியம், ஆனால் முதல் பெயர் வேறு. அதே குளிரறையில், அதே நாளில், இரண்டு சுப்பிரமணியம். அங்கிருந்த பொடியன் வெளிறிப் போனான். அட்டைகள் மாறியிருந்தன. டைரக்டர் சத்தம் போடவில்லை. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, மற்றவரைக் கொண்டுவரச் சொல்லி, பட்டியில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் என்னை வாய்விட்டு வாசிக்க வைத்தார். வாகனத்தில் ஏறிய பிறகுதான் அவர் கை நடுங்குவதைக் கண்டேன். கலியாணத்தில் பிழை விட்டால் படத்தையாவது திரும்ப எடுக்கலாம். இங்கே ஒரு மகன் வேறொருவருடைய தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டால் அதற்குப் பரிகாரம் எந்த ஐயரிடமும் இல்லை. உங்கள் மகள் எழுத்துப் பிழை பார்க்கிற பிள்ளையா? அப்படியென்றால் பாதி வேலை அவளுக்கு இப்போதே தெரியும்.

எங்கள் கிரியைகளுக்கு இந்தக் கட்டடங்கள் கட்டப்படவில்லை. கம்பளம் விரித்த நிலம், மேலே புகையைக் கண்டால் அலறும் கருவி. ஆகவே எங்கள் இடத்தில் குத்துவிளக்கு பற்றரியில் எரியும், பேரப்பிள்ளைகள் நெருப்பில்லாத பந்தம் பிடிப்பார்கள். சுண்ணம் இடிக்க உரலையும் உலக்கையையும் முதல்முறை கொண்டுவந்து வைத்தபோது, பக்கத்துக் கூடத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. திருப்பொற்சுண்ணப் பாடல் தொடங்கி உலக்கை விழ விழ சுவர் அதிர்ந்தது. அடுத்த கிழமை டைரக்டர் உடற்பயிற்சிக்கூடங்களில் போடுகிற தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கி வைத்தார். இப்போது உரலுக்கு அடியில் அதுதான் கிடக்கும்.

இன்னொரு முறை, பெட்டியை வைத்த பிறகு ஒரு மாமா வந்து, தலை தெற்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்றார். பெட்டி வைக்கும் மேடை கட்டடத்தோடு கட்டியது, அங்கே தலை மேற்கே இருந்தது. ஐயர் வர இருபது நிமிடம். டைரக்டர் ஒன்றும் கதைக்காமல் கோட்டைக் கழற்றினார். பெரியவர் உட்பட ஆறு பேர் நூற்றிருபது கதிரைகளையும் திருப்பிப் போட்டோம். பெட்டியைச் சில்லு வைத்த தாங்கியில் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து திசையை மாற்றினோம். பெரியவர் சாரணராக இருந்தபோது வைத்திருந்த திசைகாட்டி அன்று வீட்டில் இருந்து வந்தது. ரெலிபோனிலேயே திசை பார்க்கலாம்தான். ஆனாலும் அது கந்தோர் மேசையின் மேல் லாச்சியில் இன்னும் இருக்கிறது, எங்கள் ஆட்கள் என்றால் அவரே எடுத்துக்கொண்டு போவார்.

தகன உலை எங்களிடம் இல்லை, மயானத்தில் இருக்கிறது. மூத்த மகனோ மகளோ அங்கே பொத்தானை அழுத்தலாம். எண்ணூறு பாகை செல்சியசுக்கு மேல் சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். இதயத்துக்குள் வைத்த பேஸ்மேக்கரை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், உலைக்குள் வெடிக்கும். இலக்கம் பொறித்த உலோகத் தகடு ஒன்று உடலோடு உள்ளே போய்ச் சாம்பலோடு வெளியே வரும். சாம்பல் எடுக்கிற காடாத்துக்கு வருகிற பிள்ளைகள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். சாம்பலைக் கரைப்பது பற்றிப் பயந்து பயந்து கேட்பார்கள். ஆட்புழக்கமில்லாத அரச காணியிலும் அந்தக் காணிக்குள் வரும் நீர்நிலைகளிலும் ஒன்ராறியோ அதற்கு இடம் கொடுக்கிறது.

2020 வசந்தத்தில் கோவிட்டுக்காகப் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். பதினாலு பேரப்பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்குக் கதவில் நின்று தலை எண்ணியவன் நான். அதைப் பற்றி அதிகம் எழுத இன்னும் மனம் வரவில்லை.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சொந்தக்காரர் என்ன சொல்லுவினம் என்பதன் உள்ளே இருப்பது சாதி. மறைத்துக் கதைத்து என்ன பயன்? யாழ்ப்பாணத்தில் ஒரு சாவுக்குத் தேவையான வேலைகளைப் பங்கு பிரித்து வைத்திருந்தோம். வெள்ளை கட்ட ஒரு குடும்பம், பறை முழக்க ஒரு குடும்பம், முடிமழித்துச் சுடலையில் கூடநிற்க ஒரு குடும்பம். பிறப்பால் விழுந்த வேலை. வரமாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லை, கூலியும் கொடுக்கிறவர் வைத்ததுதான். எங்கள் வீட்டுச் சாவில் ஒரு தூணைக்கூடத் தொடாமல் நின்ற பெரிய மனிதர்கள், பெட்டியைத் தூக்கிய மனிதருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்ததை நான் சின்னப் பிள்ளையாக நின்று பார்த்திருக்கிறேன். அதே வேலைகள் அனைத்தையும் இங்கே ஒருவர் படித்துச் சோதனை எழுதி உரிமம் எடுத்துச் செய்கிறார். தன் குடும்பப் பெயரைத் தெருவில் விளக்குப் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் அவருக்கு இரண்டு கையாலும் கைகொடுக்கிறார்கள். அதே ஆட்கள் தங்கள் மகள் அந்த வேலைக்குப் போனால் மூக்கைச் சுளிப்பார்கள் என்றால், சுளிக்கட்டும். செத்தவீடு வரும்போது முதலில் அவளுடைய நம்பரைத்தான் தேடுவார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

குடும்பம் நடத்துகிற இடம் என்பதால் எல்லாம் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசைச் சண்டை அடுத்த நாள் கந்தோருக்கு வரும். எங்கள் டைரக்டருக்கு ஒரு தம்பி இருந்தார், தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் யாரோடு கதைத்தால் யாருக்குக் கோபம் வரும் என்று எங்களுக்கே விளங்கவில்லை. லீவு எழுத்தில் ஒன்று, நடப்பில் ஒன்று. கிறிஸ்மஸ் இரவும் ஆட்கள் சாவார்கள். சம்பளத்தில் வீடு வாங்கலாம் என்று யாரும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். டைரக்டரின் மகனுக்குப் பதினேழு வயது, சனிக்கிழமையில் வாகனம் கழுவுவான். தனக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தாய் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டனார் அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை.

பிள்ளைகள் வேண்டாம் என்கிற இடத்தில்தான் பெரிய கம்பனிகள் கதவைத் தட்டுகின்றன. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கம்பனிகளும் குடும்ப மலர்ச்சாலைப் பிள்ளைகள் தொடங்கியவைதான். அமெரிக்காவின் ஹியூஸ்டனில் றொபேட் வோல்ட்றிப் தகப்பன் நடத்தியதைப் பொறுப்பெடுத்து 1962 இல் தொடங்கிய எஸ்.சி.ஐ. என்ற மலர்ச்சாலைக் கம்பனிதான் இன்று வட அமெரிக்காவில் முதலாவது. எங்கள் நாட்டில் மனிற்றோபாவின் ஸ்டைன்பாக் ஊரில் தகப்பனின் மலர்ச்சாலையை எடுத்து நடத்திய ரே லோவன், ஊர் ஊராகக் குடும்ப இடங்களை வாங்கி, ஆயிரத்துக்கு மேல் சேர்த்து இரண்டாம் இடத்துக்கு வந்தார். பிறகு மிசிசிப்பியில் ஜெரி ஓகீஃப் என்ற குடும்ப மலர்ச்சாலைக்காரரோடு கொழுவிக்கொண்டார். சில மில்லியன் பெறுமதியான ஓர் ஒப்பந்தத் தகராறுதான். ஓகீஃப் இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர், பிலொக்சி நகரத்தின் மேயராகவும் இருந்தவர், விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. 1995 இல் ஜூரி ஐம்பது கோடி டொலர் தண்டம் போட்டது. மேன்முறையீட்டுக்கு அதைவிடக் கூடிய தொகைக்குப் பிணை கட்ட வேண்டியிருந்ததால், 1996 இல் லோவன் கம்பனி பதினேழரைக் கோடிக்குச் சமாதானம் பேசியது. 1999 இல் கடனில் விழுந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. அதில் மிஞ்சியதை 2006 இல் எஸ்.சி.ஐ. வாங்கியது. எங்கள் பெரியவர் இந்தக் கதையைச் சொல்லும்போது ஓகீஃப் தனக்குச் சொந்தக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கம்பனி வாங்கிய பிறகும் பலகையில் பழைய குடும்பப் பெயரையே விட்டுவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். உங்கள் மகள் எழுதிப் போட்டிருக்கும் இடம் உண்மையிலேயே குடும்பத்தினுடையதா என்று பலகையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உரிமம் யார் பெயரில் என்று நேரே கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். கம்பனி என்றால் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே லீவு ஒழுங்காகக் கிடைக்கும், பயிற்சியும் முறையாக இருக்கும். ஆனால் இரவு ரெலிபோன் எடுக்கிறவர் ஒருவர், உடல் எடுக்க வருகிறவர் இன்னொருவர், கதவில் நிற்கிறவர் மூன்றாமவர். எங்கள் இடத்தில் மூன்றும் பெரும்பாலும் ஒரே முகம். வேலை பழகுகிற பிள்ளைக்கு இது நல்லது, ஏனென்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சாவைக் கூடநின்று பார்க்கலாம்.

பயம் பற்றி. முதல் கிழமை பயமாக இருக்கும், பிறகு போய்விடும். எனக்கு ஒன்பதாவது நாள் போனது. போகாதது வேறொன்று. குழந்தைகளின் பெட்டி. அது வெள்ளை நிறத்தில், ஒரு ஆள் தனியத் தூக்கக்கூடிய பாரத்தில் இருக்கும். அன்றைக்கு டைரக்டரே தூக்குவார், எங்களைத் தூக்க விடமாட்டார். அந்த நாட்களில் வேலை முடிந்ததும் யாரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை. கந்தோர் அம்மா தேத்தண்ணி போடுவார், ஓட்டுநர் தன் பழைய பஸ் பாதைகளைப் பற்றிக் கதைப்பார். உங்கள் மகள் வீட்டுக்குப் பிந்தி வந்து, சாப்பாடு வேண்டாம் என்றால், அன்று ஏன் என்று கேட்காதீர்கள். சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுங்கள்.

இப்போது இந்தப் படிப்பில் பெண்பிள்ளைகள்தான் கூட, ஆகவே தனியாக இருப்பாள் என்ற கவலை வேண்டாம். நேர்முகத்துக்குப் போகும்போது வாசனைத் தைலம் போட வேண்டாம் என்று சொல்லுங்கோ. தமிழ் வாசிக்க எழுதத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லட்டும். மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் அதற்கு இப்போது பெறுமதி உண்டு. கறுப்புச் சப்பாத்து இரண்டு சோடி வாங்கிக் கொடுங்கள், ஒன்று உள்ளே நிற்க, மற்றது மயானத்துக்கு. மயானத்துக்கான சோடி அடியில் நல்ல பிடியோடு இருக்க வேண்டும். மாசி மாதப் பனிக்கட்டியில் நான் ஒருமுறை பெட்டியின் கைபிடியோடு சறுக்கப் பார்த்தேன். பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் என் கொலரைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் மற்றக் கையால் தூக்கிக்கொண்டே நடந்தார்.